ஆறு பாடங்களுக்கு விலக்கு

புக்கிட் மேரா
4 நவம்பர் 2024

உர்சுலா அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். கல்லூரி ஈமெயிலுக்கு எழுதினால் உங்கள் ஆபீஸில் நாலு பேர் படிப்பார்கள். தமிழில் எழுதி வீட்டுக்கு அனுப்பினால் நீங்கள் ஒருவர்தான் படிக்க முடியும். ஆங் மோ கியோ வீட்டை நீங்கள் மாற்றவில்லை என்று சொன்னது உங்கள் தம்பி ஜோனா. தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது பார்த்தேன். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷக் கடைசியில் ராணுவத்தை விட்டு வெளியே வருகிறேன். ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் மேலாளர் வேலை பேசி வைத்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரே நிபந்தனை, இரண்டு வருஷத்துக்குள் டிகிரி வேண்டும். உங்கள் கல்லூரிப் படிப்போ மூன்று வருஷம். ஆனால் ராணுவத்தில் பெற்ற பயிற்சியையும் அனுபவத்தையும் காட்டினால் முதல் வருஷத்தின் ஆறு பாடங்களுக்கும் விலக்கு தருவார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கிடைத்தால் நேராக இரண்டாம் வருஷம். கிடைக்காவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும். நாற்பத்தைந்து வயதுக்காரனுக்கு இன்னொரு மேலாளர் வேலையை யார் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள்?

அனுபவ விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது உர்சுலா இயேசுதாசன் என்று போன வாரம்தான் தெரிந்தது. குடித்துக்கொண்டிருந்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு உங்கள் விலாசத்தைத் தேட ஆரம்பித்தேன்.

நான் ஆதாரமாகக் கொடுத்திருப்பது ஆஸ்திரேலியப் பயிற்சிக்குப் போட்ட அந்தக் கப்பல் ஏற்றத் திட்டமும் அதற்கு வாங்கிய பாராட்டுச் சான்றிதழும்தான். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அன்றைக்கு இருந்த அவசரத்தில் என்னென்னவோ நடந்துவிட்டது. "நேராப் போய் மன்னிப்புக் கேளுங்க, வேலை முடிஞ்சுடும்"ங்கிறாள் என் மனைவி நிரஞ்சனா. எனக்கு அதெல்லாம் வராது, உங்களுக்கே தெரியும். பழசை மனதில் வைத்து என் வயிற்றில் அடித்துவிடாதீர்கள். அது மட்டும்தான் கேட்கிறேன்.

ஷங்கர்


ஆங் மோ கியோ
18 நவம்பர் 2024

என்சிக் ஷங்கர் அவர்களுக்கு,

வாரண்ட் ஆபிசர்களை ராணுவத்தில் அப்படித்தானே அழைக்க வேண்டும்? நான் அந்தப் பதவிவரை வரவில்லை. ஆகவே உங்களுக்கு உரிய மரியாதையில் குறை வைக்க விரும்பவில்லை.

'அக்கா' வேண்டாம். அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே எங்கள் அம்மா கையால் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள். அதைச் சொல்லிக்கொண்டேதான் கழுத்தையும் அறுத்தீர்கள்.

"அன்றைக்கு இருந்த அவசரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரம் யாருக்கு என்று ஞாபகப்படுத்துகிறேன். 2015. நாம் இருவரும் ஸ்டாஃப் சார்ஜன்ட். ஒரே கப்பலில் எல்லா வண்டிகளையும் எந்த வரிசையில் ஏற்றுவது, எந்த வரிசையில் இறக்குவது என்று இரண்டு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டவள் நான். ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் கிடந்தார். "எனக்குப் பதிலா நீ கொண்டு போய்க் காட்டுடா" என்று உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தால் முதல் பக்கத்தில் உங்கள் பெயர். மேஜர் அதீஃப் முன்னால் வைத்து நான் கேட்டேன். நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "டிராயிங்குக்குக் கொஞ்சம் உதவி பண்ணாங்க சார்" என்றீர்கள். அந்த வருஷமே உங்கள் தோளில் பட்டை ஏறியது. நான் சீருடையைக் கழற்றினேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. வெளியே வந்து படிக்கச் சேர்ந்தபோது நானும் இதே விலக்கைக் கேட்டேன். இதே திட்டத்தைத்தான் காட்டினேன். "இதில் வேறொருவர் பெயர் இருக்கிறதே" என்று திருப்பிக் கொடுத்தார்கள். பகலில் ஒரு சரக்குக் கிடங்கில் நின்றுகொண்டு, மாலையில் முதல் பாடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததையெல்லாம் தெரியாதவள்போல் உட்கார்ந்து படித்தேன்.

இப்போது உங்கள் விண்ணப்பம் என் மேசைக்கு வந்திருக்கிறது. நன்றாகவே படித்துப் பார்த்தேன். ஆறு பாடங்களுக்கும் முழு விலக்கு பரிந்துரைத்துவிட்டேன். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. துறைத் தலைவர் டாக்டர் கோவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நன்றி சொல்லி எழுத வேண்டாம். ஜனவரியில் வகுப்பில் பார்ப்போம். இரண்டாம் வருஷத்தில் கடல் சரக்குத் திட்டமிடல் பாடத்தை நடத்துவது நான்தான்.

உர்சுலா


புக்கிட் மேரா
27 நவம்பர் 2024

உர்சுலா அவர்களுக்கு,

அக்கா வேண்டாம் என்றீர்கள், விட்டுவிட்டேன். நன்றி வேண்டாம் என்றீர்கள், அதை விட முடியவில்லை. உங்கள் கடிதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது. கடைசிப் பத்திக்கு வந்ததும் நிரஞ்சனாவைக் கூப்பிட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். "இவ்வளவு திட்டிட்டு எதுக்குக் குடுத்தாங்க?" என்று அவளுக்கு ஒரே சந்தேகம். "அதுதான் பெரிய மனசு" என்றேன். எங்கள் வீட்டில் உங்களைப் பற்றி இத்தனை வருஷத்தில் முதல் நல்ல வார்த்தை.

நீங்கள் உங்கள் பக்கத்தைச் சொன்னீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். திட்டம் காகிதத்தில் இருந்தது, சரி. கொட்டுகிற மழையில் துறைமுகத்தில் நின்று ஒவ்வொரு வண்டியையும் உள்ளே ஏற்றியது யார்? மேஜர் வந்து "இது யாரோட வேலை?" என்று கேட்டபோது அங்கே நான்தான் நனைந்துகொண்டு நின்றேன். என்னோடது என்று வாயில் வந்துவிட்டது, பிறகு முதல் பக்கத்திலும் என் பெயரைப் போட்டேன். வந்ததைத் திரும்ப விழுங்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்காக நீங்கள் தேக்கா முழுக்க என்னைத் திருடன் என்று சொல்லி வைத்தீர்கள். என் அம்மா சாவுக்குக்கூட வரவில்லை. எனக்கும் வலிக்காதா?

போகட்டும், இதோடு கணக்கு நேர். போன சனிக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் நம் பழைய ராணுவ ஆட்களுக்கெல்லாம் மீன் தலைக் கறி வாங்கிக் கொடுத்தேன். "முதல் வருஷம் எல்லாம் சின்னப் பசங்களுக்குத்தான் லா, நம்ம அனுபவம்தான் நமக்குப் படிப்பு" என்று சொன்னேன், எல்லோரும் கை தட்டினார்கள். உங்களுக்கு ஜோனாவிடம் ஒரு பெட்டி லட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஷங்கர்


ஆங் மோ கியோ
20 டிசம்பர் 2024

என்சிக்,

லட்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு குறையும். அது ஜோனாவின் வேலை, அவனுக்கு மானம் ரோஷம் கிடையாது.

வகுப்பு நேர அட்டவணை இணைத்திருக்கிறேன். செவ்வாய் மாலை ஏழு மணி. கால்குலேட்டர் கொண்டு வரவும். மீன் தலைக் கறி ஜீரணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

உர்சுலா


புக்கிட் மேரா
3 பிப்ரவரி 2025

உர்சுலா அவர்களுக்கு,

போன செவ்வாய் வகுப்பில் நீங்கள் செய்தது நியாயமா?

திரையில் அந்தத் திட்டத்தைப் போட்டீர்கள். முதல் பக்கத்தில் என் பெயர், இரண்டு முழ உயரத்துக்கு. "இதைப் போட்டவர் நம்ம வகுப்பிலயே இருக்காரு, அவர்கிட்டயே கேட்போம்" என்றீர்கள். நேற்றுத்தான் கட்டாய ராணுவச் சேவையை முடித்து வந்த பிள்ளைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்ஷா என்ற பெண், "வாவ், என்சிக்!" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, மடையன்.

"என்சிக், எல்லா வண்டியும் வரிசையா இருக்கு. இந்தத் தாழ்வான டிரெய்லர்கள் மட்டும் ஏன் நடுவில, உள்ளே தள்ளி? கடைசியில ஏத்தியிருந்தா ஈசியா முதல்ல இறங்கியிருக்குமே?" என்று கேட்டீர்கள்.

பாரம் சமமாக இருப்பதற்காக என்றேன். "அப்படின்னா முன்னால வச்சாலும் சமமாத்தானே இருக்கும்?" என்றீர்கள். மேஜர் அப்படி விரும்பினார் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "சரி, கப்பல் ஆறு மணி நேரம் தாமதமா வருது. வரிசையை மாத்திப் போட்டுக் காட்டுங்க" என்று பேனாவை நீட்டினீர்கள். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, கோடு போடத் தெரியவில்லை.

அந்தக் கணக்கெல்லாம் முதல் வருஷப் பாடத்தில் இருக்கிறதாம். இன்ஷாதான் சொன்னாள். எனக்கு விலக்கு கிடைத்த பாடங்கள். மற்ற இரண்டு வகுப்பிலும் இதே கதை. முதல் தேர்வில் வாங்கிய மார்க்கை நிரஞ்சனாவிடம்கூடச் சொல்லவில்லை. முதல் வருஷ வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஆபீஸில் கேட்டேன். விலக்கு பெற்றவரைச் சேர்க்க விதி இல்லையாம்.

மூன்று பாடங்களுக்காவது விலக்கை ரத்து செய்யுங்கள். எப்படியாவது கூடுதல் வகுப்பு எடுத்து இரண்டு வருஷத்துக்குள் முடித்துவிடுவேன். ஃபெயில் ஆனால் வேலை போய்விடும். மன்றாடிக் கேட்கிறேன்.

ஷங்கர்


ஆங் மோ கியோ
10 பிப்ரவரி 2025

ஷங்கர்,

இனி என்சிக் இல்லை, நீங்களும் இல்லை. இவ்வளவு நாள் கஷ்டப்பட்டு மரியாதை கொடுத்ததில் எனக்குப் பல் வலியே வந்துவிட்டது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர" என்ற இடத்தை மட்டும் இன்னும் அதிகமாகப் படித்தேன். ஒன்பது வருஷத்தில் நான் இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

பெரிய மனசாம்! நிரஞ்சனாவுக்கு இருக்கும் புத்தி உனக்கு இல்லை. உன் விண்ணப்பத்தை நிராகரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய கோபத்தில் செய்துவிட்டாள் என்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் உட்கார்ந்து புலம்பியிருப்பாய். எல்லோரும் உன் பக்கம் நின்றிருப்பார்கள். அதனால் நீ கேட்டதையெல்லாம் கொடுத்தேன். நீ செய்ததாகச் சொன்னதையெல்லாம் உண்மையிலேயே செய்தவனாக உன்னை நடத்துவது என்று முடிவு செய்தேன். அது ஒன்றுதான் என் தண்டனை. வேறு ஒரு துரும்பைக்கூட உனக்கு எதிராக அசைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலில், பழிவாங்குவதை ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். ஆண்டவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விலக்கை ரத்து செய்ய ஒரு வழி இருக்கிறது, ஒரே ஒரு வழி. கொடுத்த ஆதாரம் தன்னுடையது அல்ல என்று விண்ணப்பித்தவரே சொல்ல வேண்டும். அப்போது ஆறும் போகும். மூன்று மட்டும் போகாது. முதல் வருஷத்தில் முதல் நாளிலிருந்து உட்காரலாம், என்னைப்போல. இரண்டு வருஷத்துக்குள் டிகிரி வராது. அது உன் பாடு.

சொல், ஷங்கர். "டிராயிங்குக்கு உதவி பண்ணாங்க" என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னாய். இதையும் சொல்லேன்.

உர்சுலா


புக்கிட் மேரா
17 பிப்ரவரி 2025

மேடம்,

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். எனக்கு இப்போது வந்திருக்கிறது.

கல்லூரி விதிகளை நீங்கள் மட்டும்தான் படிப்பீர்களா? இந்த வாரம் முழுக்க அதைத்தான் படித்தேன், பாடப் புத்தகத்தைவிட நன்றாகப் புரிந்தது. விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவருக்கு விண்ணப்பித்தவரைத் தெரிந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நீங்கள் சொல்லவில்லை. ஆதாரம் பொய் என்று தெரிந்தால் ஒப்புதல் தரக் கூடாது. நீங்கள் ஆறுக்கும் தந்தீர்கள்.

அதாவது நான் வாயைத் திறந்தால் நீங்களும் சேர்ந்து விழுவீர்கள். கெடுவான் கேடு நினைப்பான் என்பது இதுதான்.

நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் பாடத்தில் எனக்குப் பாஸ் மார்க் போடுங்கள். மற்ற இரண்டு விரிவுரையாளர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் டிகிரியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன், உங்கள் கண்ணிலேயே படமாட்டேன். இல்லையென்றால் மாதக் கடைசியில் டாக்டர் கோவின் அறைக்குப் போவேன். மாலை வகுப்பில் தொடங்கி அந்த நாற்காலிவரை வர உங்களுக்கு எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

இதை எழுதும்போது நிரஞ்சனா எட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்லாயில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அவளுக்கு என்ன, வேலை தேடப் போவது நான்தானே.

ஷங்கர்


ஆங் மோ கியோ
20 பிப்ரவரி 2025

ஷங்கர்,

நீ டாக்டர் கோவின் அறைக்கு நடக்க வேண்டாம், கால் வலிக்கும். இன்று காலையில் நானே போய்விட்டு வந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைத் தெரியும் என்று மறைத்ததை, அந்தத் திட்டம் என்னுடையது என்பதை, தெரிந்தே ஆறு பாடங்களுக்கு ஒப்புதல் கொடுத்ததை. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். அவனை அழவைக்க ஆசைப்பட்டேன் என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

என்னைப் பரிசீலனைக் குழுவிலிருந்து இன்றே நிறுத்திவிட்டார்கள். வேலையே போகலாம் என்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. இந்த வீட்டுக் கடனையும் அம்மாவின் மருந்துச் செலவையும் காகிதத்தில் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீ என்னை மிரட்டினாயே, அந்த மிரட்டலை உன் கையிலிருந்து பிடுங்கிய சந்தோஷம் அதைவிடப் பெரியது.

மார்ச் ஆறாம் தேதி விசாரணை. உன்னையும் கூப்பிடுவார்கள். நன்றாகக் கேட்டுக்கொள். உன் கடிதங்கள் எல்லாம் என் அலமாரியில் இருக்கின்றன, ஒன்றைக்கூட நான் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். காகிதம் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நீ மறுத்துவிட்டால் என் வாய்ச்சொல்லுக்கு எதிராக உன் சான்றிதழ் நிற்கும். பொறாமை பிடித்தவள் பொய் சொல்கிறாள் என்று முடித்துவிடுவார்கள். உன் விலக்கு நிலைக்கும், என் இடத்தில் வேறு விரிவுரையாளர் வருவார், அவர் உனக்குப் பாவம் பார்த்துப் பாஸும் போடலாம். நீ வேண்டியதெல்லாம் உனக்குக் கிடைக்கும். பழைய வரியை இன்னொரு தடவை சொன்னால் போதும்.

என் நாற்காலியைப் பந்தயம் கட்டிவிட்டேன். உன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் கேட்பதற்காக. அது எது என்று உனக்குத் தெரியும்.

உர்சுலா


புக்கிட் மேரா
14 மார்ச் 2025

மேடம்,

ஜெயித்துவிட்டீர்கள். சந்தோஷமா?

இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மூச்சு முட்டும், அதனால் எழுதுகிறேன். அன்று நான் உண்மையைச் சொல்வதற்காக வரவில்லை. லிஃப்டில் வரும்போது அந்தப் பழைய வரியைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது இன்னும் சுலபமாக இருந்தது.

டாக்டர் கோ திட்டத்தை மேசைமேல் விரித்துவிட்டு, டிரெய்லர்கள் ஏன் உள்ளே இருக்கின்றன என்று கேட்டார். அதே கேள்வி. பாரம் சமமாக இருக்க என்று ஆரம்பித்தேன். அவர் உங்கள் பக்கம் திரும்பி, உங்களுக்குக் காரணம் தெரியுமா என்றார். "தெரியும். ஆனால் இப்போ சொல்ல மாட்டேன்" என்றீர்கள்.

அந்த இடத்தில்தான் என் கதை முடிந்தது. நீங்கள் பதிலைச் சொல்லியிருந்தால், "இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்று பிடித்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்து தயாராகக் காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தீர்கள். அறை முழுக்க என்னைப் பார்த்தது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இத்தனை வருஷமும் நான் நீங்கள் எதையாவது சொல்வீர்கள், எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"இது முழுசும் உர்சுலா போட்டது. நான் ஏத்தினேன், அவ்வளவுதான்." சொல்லிவிட்டேன். நீங்கள் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. ஒரு தடவை தலையை ஆட்டினீர்கள், வண்டியை வரச் சொல்வது மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறு பாடங்களின் விலக்கும் ரத்து. ஏப்ரலில் முதல் வருஷத்திலிருந்து தொடங்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். மேலாளர் வேலை போனது. வேண்டுமானால் கப்பல் தளத்தில் ஷிஃப்ட் மேற்பார்வை தருகிறார்களாம், என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு பையனுக்குக் கீழே. ஒத்துக்கொண்டேன். பாராட்டுச் சான்றிதழைப் பழைய பிரிவுக்கே திருப்பி அனுப்பி, யார் பெயரில் இருக்க வேண்டும் என்றும் எழுதிவிட்டேன். நிரஞ்சனா அன்றைக்குப் பால் பாயசம் வைத்தாள். நான் சாப்பிடவில்லை.

உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம், சரியாகப் போய்விடும்.

ஒன்று மட்டும். முதல் ஷிஃப்டில் கப்பலிலிருந்து வண்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் இருந்ததைவிட இறங்கு பாலம் மதியம் செங்குத்தாக இருந்தது. கடல் வற்றியிருந்தது. தாழ்வான ஒரு வண்டியின் வயிறு பாலத்தின் விளிம்பில் தட்டி நின்றுவிட்டது. எனக்கு அங்கேயே உடம்பு சிலிர்த்தது. அந்த ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் கடல் இன்னும் ஆழமாக வற்றும், இல்லையா? நீர் ஏறிய பிறகு வெளியே வரட்டும் என்றுதானே டிரெய்லர்களை உள்ளே தள்ளி வைத்தீர்கள்?

அன்று மழையில் நான் நின்று ஏற்றிய டிரெய்லர்கள் அதனால்தான் தட்டாமல் இறங்கின. அதுகூடத் தெரியாமல் ஒன்பது வருஷம் மார்தட்டியிருக்கிறேன்.

ஷங்கர்


ஆங் மோ கியோ
21 மார்ச் 2025

ஷங்கர்,

உன் பதில் பாதிதான் சரி.

நீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் ஏறிய நீர் மறுபடி வற்றுவதற்குள் அத்தனை டிரெய்லரும் வெளியே வந்தாக வேண்டும். டிரெய்லர்களுக்கு முன்னால் எத்தனை வண்டிகள் நிற்கலாம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். அது முதல் வருஷப் பாடம்.

கண்ணைத் துடைக்கவில்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். உன் எதிரில் அழுவேன் என்று எதிர்பார்த்தாயா? வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா படத்துக்கு முன்னால் நின்று நீ சொன்ன வாக்கியத்தைச் சத்தமாக ஒரு தடவை சொன்னேன். "யாருடி அது?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டார். ஷங்கர் என்றேன். "அவன் இன்னும் சாப்பிட வரலியா?" என்றார். அம்மாவுக்கு இப்போதெல்லாம் பழசுதான் ஞாபகம். எனக்கு உன்மேல் இருந்த கோபம் அதனால் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, குறையவில்லை.

என் வேலை போகவில்லை. நாற்காலிதான் போனது. இனி விண்ணப்பம் எதையும் நான் தொட முடியாது. இரண்டாம் வருஷப் பாடங்களையும் எடுத்துவிட்டார்கள். முதல் வருஷ மாலை வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே தொடங்கினேனோ அங்கேயே, இந்த முறை பலகைக்கு இந்தப் பக்கம்.

மாணவர் பட்டியல் நேற்று வந்தது. அதில் உன் பெயர் இருக்கிறது. வேறு வகுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் கோ சொன்னார். வேண்டாம் என்றேன். உன்னிடமும் கேட்டாராம், நீயும் வேண்டாம் என்றாயாம். பிடிவாதக்காரன்.

உன் விடைத்தாளை வேறொருவர் திருத்த வேண்டும் என்று எழுதிக் கேட்டு வாங்கிவிட்டேன். நீ ஃபெயில் ஆனால் என்னால் என்று யாரும் சொல்லக் கூடாது. பாஸ் ஆனாலும் என்னால் என்று நீ சொல்ல முடியாது.

ஏப்ரல் ஏழு, திங்கள், மாலை ஏழு மணி. முன் வரிசையில் உட்கார். முதல் நாள் எல்லோரிடமும் ஒரே ஒரு விதிதான் சொல்வேன். தாளின் மேலே உங்கள் பெயரை எழுதுவதற்கு முன்னால், கீழே இருப்பது யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். அதை உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன், ஒவ்வொரு வாரமும் சொல்வேன்.

ஏழு மணிக்குக் கதவை மூடிவிடுவேன்.

உர்சுலா